வக்கீல் என்றால் பொய்யனா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை சிலிபின் சாலையோரத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வரிசை வீட்டுத் தம்பி ஒருவர் வந்து எதிரில் அமர்ந்தார். லாரி ஓட்டுகிறவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். முகத்தில் கவலை தெரிந்தது.

“அண்ணே, எங்க வீட்டுப் பிள்ளைக்கு நீங்களாவது கொஞ்சம் புத்தி சொல்லுங்கண்ணே. எஸ்.டி.பி.எம்.ல நல்லா செஞ்சிருக்கு. டீச்சர் வேலைக்குப் படிம்மான்னா கேக்க மாட்டேங்குது. லாயருக்குத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. அதுவும் சும்மா வீடு, நிலம் எழுதுற லாயர் இல்லையாம். அரசியல் கேஸ் பாக்குற லாயராம்! நமக்கு எதுக்குண்ணே பெரிய எடத்துப் பொல்லாப்பு?”

அடுத்த மேசையிலிருந்த பெரியவர் ஒருவர் தே கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “லாயர்னாலே பொய்தானே தம்பி. கொலைகாரனையும் நல்லவன்னு சொல்லுவான். காசுக்கு நாக்கு.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தத் தம்பிக்கு அங்கேயே முழுதாகப் பதில் சொல்லவும் என்னால் முடியவில்லை. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை அது. அதனால்தான் இந்தப் பகுதியில் எழுதுகிறேன். அவர் ஒருவருக்கு மட்டுமல்ல, படித்த பிள்ளை வீட்டில் இருக்கிற எல்லாப் பாட்டாளிப் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பாட்டாளி அன்பர்களே! வக்கீல் என்றால் பொய்யன் என்று நாம் பேசுகிறோம். அப்படிப் பேசுகிற நமக்கு, நாம் எந்த ஊரில் இருந்துகொண்டு பேசுகிறோம் என்பது மறந்துபோய்விட்டது. ஈப்போ புகைவண்டி நிலையத்துக்கு எதிர்ப்புறம் வெள்ளை வெளேரென்று நிற்கிற நீதிமன்றக் கட்டடத்தைப் பார்க்காதவர் நம்மில் யார்? பார்க்கிறோம், கடந்து போகிறோம். நம்மைப் போன்ற நிறமும் நம்மைப் போன்ற பேரும் கொண்ட ஒரு மனிதர் இந்த ஈப்போவில், நாடே நடுங்கிக் கிடந்த காலத்தில் எழுந்து நின்று ஒரு பெண்ணின் உயிருக்காக வாதாடினார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர்தான் எஸ்.பி. சீனிவாசகம். டி.ஆர். சீனிவாசகத்தின் அண்ணன். ஈப்போவில் டி.ஆர். பேரில் பூங்கா இருக்கிறது. பிள்ளைகளை ஊஞ்சல் ஆடக் கூட்டிப் போகிறோம். அந்தப் பேருக்குரியவர் யார் என்று பிள்ளை கேட்டால் நம்மில் பாதிப் பேர் முழிக்கிறோம்.

1948 ஜூன் 16-ஆம் நாள் நம் சுங்கை சிப்புட் பக்கத்தில் வெள்ளைத் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை வரையில் நீடித்தது. அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர்களைக் கேளுங்கள். வேலிக்கம்பி, ஊரடங்கு, அளந்து கொடுத்த அரிசி, நடுராத்திரி சோதனை. கையில் துப்பாக்கியோ குண்டோ இருந்தது என்று நிரூபணமானால் தூக்குத்தான். விசாரணைக்கு ஜூரிகள் கிடையாது. ஒரு நீதிபதி, அவர் பக்கத்தில் இரண்டு அசெசர்கள். அசெசர் சொல்லும் அபிப்பிராயம் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது.

அப்படிப்பட்ட நேரத்தில், 1952-இல், ஈப்போவில் ஓர் இளம் பெண் பிடிபட்டாள். கம்யூனிஸ்ட் படையின் லீ மெங் இவள்தான் என்றது போலீஸ். நான் லீ மெங் இல்லை, என் பேர் லீ தென் தாய் என்றாள் அவள். கைக்குண்டு வைத்திருந்தாள் என்பது குற்றச்சாட்டு. எதிராகச் சாட்சி சொன்னவர்களில் காட்டிலிருந்து வெளியே வந்து சரணடைந்தவர்களும் இருந்தார்கள்.

அவளுக்காக நிற்க யார் துணிவார்கள்? கம்யூனிஸ்டுக்குப் பரிந்து பேசினால் தானும் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவே ஊர் பயந்த நேரம். எஸ்.பி. சீனிவாசகம் நின்றார்.

முதல் விசாரணையில் இருந்த அசெசர்கள் இருவரும் ஆசியர். இருவருமே குற்றமில்லை என்றார்கள். நீதிபதி ஏற்கவில்லை. மறு விசாரணை நடத்து என்றார். இரண்டாம் விசாரணையில் அசெசர்களில் ஒருவர் வெள்ளைக்காரர், மற்றவர் ஆசியர். வெள்ளைக்காரர் குற்றம் உண்டென்றார். மற்றவர் இல்லை என்றார். நீதிபதி வெள்ளைக்காரர் பக்கம் சாய்ந்தார். தீர்ப்பு: மரண தண்டனை.

நம் ஊர்க் கோப்பிக் கடை வழக்கமாக இருந்தால் இதோடு கதை முடிந்திருக்கும். “என்னா செய்ய முடியும், தலையெழுத்து” என்று எழுந்து போயிருப்போம். வழக்கறிஞர் அப்படிப் போவதில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் போனது வழக்கு. மூன்று நீதிபதிகளில் இருவர் எதிர், ஒருவர் மாறுபட்டார். அடுத்து லண்டன் பிரிவி கவுன்சில். அங்கேயும் கதவு சாத்தப்பட்டது. ஆனால், இதற்குள் அந்தப் பெண்ணின் பேர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் கருணை கேட்டுக் கையெழுத்திட்டார்கள். ஹங்கேரி நாட்டு அரசாங்கம் ஒரு பேரம் பேசியது: எங்கள் சிறையில் இருக்கும் உங்கள் ஆள் எட்கர் சாண்டர்ஸை விடுகிறோம், நீங்கள் அந்தப் பெண்ணை விடுங்கள் என்றது. சர்ச்சில் அரசாங்கம் மறுத்துவிட்டது. கடைசியில் 1953 மார்ச்சில் பேரா சுல்தான் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். பல ஆண்டுகள் சிறையிலிருந்து, 1960-களில் விடுதலையாகிச் சீனாவுக்குப் போனாள்.

இங்கேதான் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. எஸ்.பி. சீனிவாசகம் கம்யூனிஸ்டா? இல்லை. காட்டுக்குள் போய்த் துப்பாக்கி தூக்குவதை அவர் சரியென்றாரா? இல்லை. பிறகு ஏன் நின்றார்? ஒருவரைக் கொல்வதற்கு முன்னால், கொல்லுகிற சர்க்கார் தன் குற்றச்சாட்டை முறையாக நிரூபித்துக் காட்ட வேண்டும். அதைக் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பேர்தான் வழக்கறிஞர். குற்றவாளியின் குற்றத்துக்கு அவர் வக்காலத்து வாங்குவதில்லை. “நிரூபி” என்று கேட்கிறார், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைக் கேட்க ஆள் இல்லாவிட்டால், நாளைக்கு உங்களையும் என்னையும் எந்தப் பேர் சொல்லியும் பிடித்துக்கொண்டு போகலாம்.

சீனப் பெண்ணின் வழக்கு, நமக்கென்ன என்று கேட்பீர்களோ? சரி, நம்மவர் இருவருடைய கதையைக் கேளுங்கள்.

எஸ்.ஏ. கணபதியின் பேரைச் சொன்னால் பழைய தொழிற்சங்கவாதிகளுக்கு இன்றும் தொண்டை அடைக்கும். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். தமிழ்நாட்டில் பிறந்து இங்கே வந்து தொழிலாளிக்காக உழைத்தவர். 1949 மார்ச் மாதம் ரவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார் என்றார்கள். அதே மாதத்தில் மரண தண்டனை. இந்திய அரசாங்கம் தடுக்கப் பார்த்தது. பலிக்கவில்லை. மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். பிடித்த நாளுக்கும் தூக்கிய நாளுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டே மாதம். ஒரு பால்மரத்துக் காயம் ஆறக்கூட அதைவிட அதிக நாள் பிடிக்கும்!

அதே நேரத்தில் இன்னொரு தமிழர். சாம்பசிவம் என்று பேர். 1948 செப்டம்பரில் ஜொகூரில் காயங்களோடு பிடிபட்டார். துப்பாக்கி வைத்திருந்தது ஒரு குற்றம், தோட்டாக்கள் வைத்திருந்தது இன்னொரு குற்றம் என்று இரண்டு குற்றச்சாட்டு. முதல் விசாரணையில் தோட்டா வழக்கில் விடுதலை. துப்பாக்கி வழக்கை மட்டும் மறுபடி விசாரிக்கச் சொன்னார்கள். இரண்டாம் விசாரணையில் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்குமூலத்தைச் சர்க்கார் தரப்பு கொண்டு வந்தது. அதில் துப்பாக்கியும் இருந்தது, தோட்டாவும் இருந்தது. மரண தண்டனை விதித்தார்கள்.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. அங்கே வழக்கறிஞர்களின் பிடி ஒரே ஒரு இடத்தில் விழுந்தது. தோட்டா வழக்கில்தான் இவர் ஏற்கனவே விடுதலை ஆகிவிட்டாரே, பிறகு தோட்டா வைத்திருந்தேன் என்று சொல்லும் அதே காகிதத்தை இவர் மேல் எப்படிப் பாய்ச்சலாம் என்பதுதான் அது. 1950-இல் தீர்ப்பு வந்தது. ஒருவரை ஒரு குற்றத்திலிருந்து நீதிமன்றம் விடுவித்துவிட்டால், அந்த விடுதலை இறுதியானது. பிறகு வரும் வழக்கிலும் சர்க்கார் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். மரண தண்டனை தள்ளுபடி ஆனது.

கவனியுங்கள் அன்பர்களே. ஒரே காலம், ஒரே சட்டம், இரண்டு தமிழர். ஒருவரைக் கயிறு கொண்டுபோயிற்று. ஒருவர் கழுத்திலிருந்து கயிறு கழன்றது. விதி என்று சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஒரு வழக்கை மேலே மேலே கொண்டுபோக நேரமும் ஆளும் வாதமும் கிடைத்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. சாம்பசிவம் வழக்கு என்று இன்றும் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றமே அதை எடுத்துப் பேசியிருக்கிறது. மலாயாவில் தூக்குக் கயிற்றுக்கு முன்னால் நின்ற ஒரு தமிழனின் பேர், உலகத்தில் யார் யாரையோ இன்றைக்கும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் இதைச் சொல்லியிருக்கிறோமா?

அரசியல் வழக்கு என்றால் எப்போதும் தூக்குமேடை வழக்கு என்று நினைக்க வேண்டாம். சீனிவாசகம் சகோதரர்களில் தம்பி டி.ஆர். செய்தது வேறு மாதிரி.

அண்ணன் தம்பி இருவரும் பாரிஸ்டர்கள். 1953-இல் பேரா முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார்கள். பிறகு அதுதான் மக்கள் முற்போக்குக் கட்சி ஆனது. 1957 இடைத்தேர்தலில் டி.ஆர். ஈப்போவிலிருந்து போனார். 1959-இல் எஸ்.பி. மெங்லெம்பு தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். ஈப்போ நகராண்மை அந்தக் கட்சியின் கையில் இருந்தது.

1964-இல் டி.ஆர். நாடாளுமன்றத்தில் எழுந்து, கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மேல் ஊழல் குற்றம் சாட்டினார். நாடாளுமன்றத்துக்குள் பேசியதற்கு யாரும் வழக்குப் போட முடியாது. அது உறுப்பினருக்குச் சட்டம் கொடுத்த கவசம். தைரியம் இருந்தால் வெளியே வந்து சொல் என்று சவால் விட்டார்கள். நம்மில் பலர் என்ன செய்வோம்? கவசத்துக்குள்ளேயே இருந்துகொள்வோம். டி.ஆர். வெளியே வந்தார். கோலாலம்பூரில் பொதுக்கூட்டத்தில் அதையே திரும்பச் சொன்னார். அமைச்சர் மான நஷ்ட வழக்குப் போட்டார். 1965-இல் அமைச்சர் தோற்றார். பதவியை விட்டு விலகினார். மேல்முறையீட்டிலும் 1966-இல் தோற்றார்.

பதவியில் இருக்கும் ஓர் அமைச்சரை நீதிமன்றத்தில் எதிர்கொண்டு ஜெயிப்பது அன்றைக்கும் சின்ன விஷயமில்லை, இன்றைக்கும் சின்ன விஷயமில்லை. தோற்றிருந்தால் டி.ஆர். ஓட்டாண்டி ஆகியிருப்பார். அரசியலும் முடிந்திருக்கும். சட்டம் தெரிந்தவர், ஆதாரத்தை எடைபோடத் தெரிந்தவர், அதனால்தான் துணிந்தார். வெறும் ஆவேசத்தில் கத்தியவரில்லை. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பார்கள். வழக்கறிஞன் ஆழம் பார்த்துவிட்டுத்தான் காலை விடுகிறான்.

டி.ஆர். 1969 மார்ச் 15-ஆம் நாள் காலமானார். இரண்டு மாதத்தில் வந்த பொதுத்தேர்தலில் அவர் கட்சி பேரா சட்டமன்றத்தில் 12 இடங்களைப் பிடித்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. பிறகு எஸ்.பி. கட்சியைத் தேசிய முன்னணியில் சேர்த்தார். 1974 தேர்தலில் ஜனங்கள் கட்சியைக் கைவிட்டார்கள். எஸ்.பி. 1975-இல் மறைந்தார். எதிர்க்கட்சியாக இருந்து ஆளுங்கூட்டணியில் சேர்ந்தது சரியா தப்பா என்று இன்னும் ஈப்போவில் பழசு பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும். கட்சிக் கணக்கு வேறு. கோர்ட்டில் நின்ற கணக்கு வேறு. நான் இங்கே எழுதுவது இரண்டாவது கணக்கைத்தான்.

ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். “இந்த மாதிரி வக்கீலெல்லாம் பேர் வாங்கத்தானே கேஸ் எடுக்கிறான்? பேப்பர்ல படம் வரும், அப்புறம் ஓட்டுக் கேட்டு வருவான்” என்பார்கள். அப்படி நினைத்துச் செய்கிறவர்களும் உண்டுதான். இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், டாக்டர் பேருக்காக ஆப்பரேஷன் செய்தாலும் நோயாளி பிழைத்தால் பிழைத்ததுதானே? வக்கீலின் மனசுக்குள் என்ன இருந்தது என்று தேடுவதைவிட, அவர் வழக்கை ஒழுங்காகப் படித்தாரா, சாட்சியைச் சரியாகக் கேள்வி கேட்டாரா, கட்சிக்காரரைக் கடைசிவரை கைவிடாமல் நின்றாரா என்று பாருங்கள். அதுதான் உரைகல்.

இந்த வேலைக்கு எல்லையும் இல்லை. டி.என். பிரிட் என்று ஓர் ஆங்கிலேய வழக்கறிஞர் இருந்தார். 1952-இல் கென்யாவில் ஜோமோ கென்யாட்டாவைப் பிடித்து, கப்பென்குரியா என்ற ஒதுக்குப்புற ஊரில் வைத்து விசாரித்தபோது, பிரிட் லண்டனிலிருந்து போய் வாதாடினார். இந்தியாவிலிருந்து திவான் சமன் லால் போனார். நைஜீரியாவையும் ஜமைக்காவையும் சேர்ந்த வக்கீல்களும் வந்தார்கள். வழக்குத் தோற்றது. கென்யாட்டாவுக்கு ஏழு வருடம் கடுங்காவல். பிறகு என்ன ஆயிற்று? அதே கென்யாட்டா 1963-இல் பிரதமர், 1964-இல் அதிபர். அதே பிரிட் 1954-இல் சிங்கப்பூர் வந்தார். பல்கலைக்கழக சோஷலிஸ்ட் மன்றத்து மாணவர்கள் எட்டுப் பேர் மேல் தேசநிந்தனை வழக்கு. ‘பஜார்’ என்ற அவர்கள் பத்திரிகையில் வந்த கட்டுரைக்காக. பிரிட்டுக்குத் துணை வக்கீலாக நின்றவர் ஓர் இளைஞர், லீ குவான் யூ. மாணவர்கள் அத்தனை பேரும் விடுதலை. அந்த எட்டுப் பேரில் ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. ராஜகுமார் போன்ற நம்மவர்களும் இருந்தார்கள்.

இலங்கையில் 1976-இல் தமிழர் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கமும் மற்றவர்களும் குடியரசு நாளைப் புறக்கணிக்கச் சொல்லித் துண்டறிக்கை கொடுத்ததற்காகப் பிடிபட்டபோது, ஜி.ஜி. பொன்னம்பலம் வாதாட வந்தார். அவரும் தந்தை செல்வாவும் பல வருடம் அரசியலில் எதிரெதிர்த் துருவம். ஆனால் அந்த நீதிமன்றத்தில் இருவரும் ஒரே பக்கத்தில் அமர்ந்தார்கள். அரசியல் பிரித்தவர்களைக் கறுப்பு அங்கி சேர்த்தது. பிடிபட்டவர்கள் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள். அந்த ஜி.ஜி. 1977 டிசம்பரில் உயிர்விட்டது நம் கோலாலம்பூரில்தான்.

இதற்கெல்லாம் விலை கொடுக்காமல் முடியுமா? முடியாது. அதையும் அந்தத் தம்பியிடம் மறைக்க நான் விரும்பவில்லை. பினாங்கு கர்பால் சிங்கைப் பாருங்கள். 1987-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போட்டார்கள். 1989-இல்தான் வெளியே வந்தார். அன்வார் இப்ராஹிமுக்காக நீதிமன்றத்தில் வாதாடியபோது சொன்ன வார்த்தைக்காக 2000-இல் அவர் மேலேயே தேசநிந்தனை வழக்கு. இரண்டு வருடம் கழித்து மீட்டுக்கொண்டார்கள். 2009-இல் நம் பேரா மந்திரி புசார் விவகாரத்தில் சட்டப்படி என்ன செய்யலாம் என்று கருத்துச் சொன்னதற்காக இன்னொரு வழக்கு. 2014-இல் குற்றவாளி என்று தீர்ப்பு, நாலாயிரம் வெள்ளி அபராதம். அதே ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் விடியுமுன், நம் பேராவில் கம்பார் பக்கத்து நெடுஞ்சாலையில் விபத்தில் மாண்டார். ஐந்து வருடம் கழித்து, 2019-இல், கூட்டரசு நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்றது. செத்த பிறகு வந்த விடுதலை. ஆனாலும் வந்தது. ஏன் வந்தது? அவருக்காகவும் வாதாட வக்கீல்கள் இருந்தார்கள்.

இதெல்லாம் பெரிய மனிதர்கள் சமாசாரம், தோட்டத்து ஜனங்களுக்கு எங்கே வரப் போகிறது என்று நினைக்காதீர்கள். 2019 அக்டோபரில் சொஸ்மா சட்டத்தில் 12 இந்தியர்களைப் பிடித்தார்கள். விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று குற்றச்சாட்டு. அவர்களில் சட்டமன்ற உறுப்பினர் இருவர். மற்றவர்கள் உங்களையும் என்னையும் போலச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள், சிறு தொழில் செய்தவர்கள். இந்தச் சட்டத்தில் 28 நாள்வரை அடைத்து வைக்கலாம். முதல் 48 மணி நேரம் வக்கீலைப் பார்க்கவிடாமலும் நிறுத்தலாம். ஜாமீன் கிடையாது என்றார்கள். தீபாவளி அந்தக் குடும்பங்களுக்குச் சிறைவாசலில் விடிந்தது. வழக்கறிஞர்கள் விடவில்லை. ஜாமீன் மறுக்கும் பிரிவு அரசியல் சட்டத்துக்கு ஒத்து வராது என்று வாதாடினார்கள். நவம்பர் கடைசியில் உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் எல்லார் மேலுமிருந்த வழக்கைக் கைவிட்டார். நாலு மாதம்! நிரூபணமாகாத ஒரு குற்றத்துக்கு நாலு மாதம். வக்கீல் இல்லாதிருந்தால் எத்தனை மாதமோ?

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். ஈப்போவுக்குச் சற்றுத் தள்ளி இருந்த ஒரு தோட்டம். பேர் எதற்கு? இன்றைக்கு அங்கே மரமும் இல்லை, லயமும் இல்லை. தோட்டம் கைமாறுகிறது என்று ஒரு நாள் பெரட்டில் சொன்னார்கள். மறுவாரம் ஆபீசுக்கு வரச் சொல்லி ஒவ்வொருவரிடமும் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். மலாயில் அச்சடித்திருந்தது. என் அப்பா கேட்டார்: “ஐயா, இதுல என்னா எழுதியிருக்கு?” கிராணி சொன்னார்: “ஒன்னுமில்லப்பா, பணம் வாங்குறதுக்குத்தான். பெருவிரலை வை.” அப்பா வைத்தார். 30 வருஷம் அவரும் அம்மாவும் பால் வெட்டிய இடம். அந்தக் காகிதத்தில், கொடுத்த தொகை போக இனி எந்த உரிமையும் கேட்க மாட்டேன், வீட்டை இத்தனை நாளில் காலி செய்கிறேன் என்று இருந்தது என்பது, வீட்டுக் கூரையைப் பிரிக்க ஆள் வந்த அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எங்கள் தோட்டத்தில் 60 குடும்பம் இருந்தது. 60 குடும்பத்திலும் காகிதம் படித்துச் சொல்ல ஒரு பிள்ளை இல்லை. “கையெழுத்துப் போடாதீங்க, ஒரு வாரம் டைம் கேளுங்க” என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. அன்றைக்கு ஒரு சின்ன வக்கீல், இப்போதுதான் படித்து முடித்த வக்கீல், ஒரே ஒருவர் வந்திருந்தால் போதும். அப்பா சாகும்வரை அந்தப் பெருவிரலைப் பார்த்துப் பார்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மை எப்போதோ போய்விட்டது. அவருக்கு மட்டும் போகவில்லை.

அதனால்தான் தம்பி, கோப்பிக் கடையில் எல்லாரும் சிரித்தபோது என்னால் சிரிக்க முடியவில்லை.

இனி வாசகர்களுக்குச் சில வார்த்தை. கத்தரித்துச் சுவரில் ஒட்டினாலும் சரி.

நம் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது விதி என்ன சொல்கிறது? ஒருவரைப் பிடித்தால் ஏன் பிடிக்கிறோம் என்று கூடிய சீக்கிரம் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரோடு கலந்து பேச விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். சொஸ்மா மாதிரித் தனிச் சட்டங்களில் மட்டும் வேறு முறை. சாதாரண வழக்கில் பிடிபட்டவருக்குத் தன் வீட்டுக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்ல உரிமை உண்டு. பையனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனால், தெரிந்த தலைவரைத் தேடி ஓடுவதற்கு முன்னால் வக்கீலைத் தேடுங்கள். காசில்லை என்று கலங்க வேண்டாம். 2012-இலிருந்து தேசிய சட்ட உதவி அறவாரியம் இயங்குகிறது. குற்றவியல் வழக்கில் பிடிபட்ட வசதியில்லாத மலேசியர்களுக்கு, ரிமாண்டிலும் ஜாமீனிலும் நிற்க வக்கீல் அனுப்புகிறது. அரசாங்கச் சட்ட உதவி இலாகாவும் இருக்கிறது. இன்னொன்று: புரியாத காகிதத்தில் கையெழுத்து வேண்டாம். யார் நீட்டினாலும் வேண்டாம். “படிச்சிப் பாத்துட்டு நாளைக்குத் தரேன்” என்று சொல்வதற்கு எந்தச் சட்டமும் தடை போடவில்லை.

கடைசியாக, அந்தத் தம்பிக்கு.

உங்கள் மகள் சட்டம் படிக்கட்டும். சுலபமில்லை. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க வேண்டும். பட்டத்துக்குப் பிறகு சேம்பரிங் ஒன்பது மாதம், கையில் சொற்பப் பணம்தான் வரும். அரசியல் வழக்கு எடுக்கிற வக்கீலுக்குப் பெரிய கம்பெனிகள் வேலை கொடுக்கத் தயங்கும். வீட்டில் அடிக்கடி அகால நேரத்தில் போன் மணி அடிக்கும். உங்களுக்குப் பயமாக இருக்கும். இருக்கட்டும். எஸ்.பி. சீனிவாசகம் லீ மெங்குக்காக எழுந்து நின்றபோது அவர் வீட்டிலும் யாரோ பயந்திருப்பார்கள்.

நமக்கு எதுக்குப் பெரிய எடத்துப் பொல்லாப்பு என்று கேட்டீர்கள். நாம் தேடிப் போகாவிட்டாலும் பொல்லாப்பு நம் வாசலுக்கு வந்தது தம்பி. எங்கள் லயத்துக்கு வந்தது, கூரையைப் பிரித்துக்கொண்டு போனது. அது வருகிற அன்றைக்கு நம் பக்கத்தில் நிற்க நம் வீட்டுப் பிள்ளை ஒன்று இருக்கட்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

பிள்ளையிடம் நான் புத்தி சொல்ல வேண்டும் என்றீர்களே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். ஆனால் புத்தி சொல்லப் போவது பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கு. முதல் வருஷப் புத்தகத்துக்கு என்னால் முடிந்த வெள்ளியையும் கையோடு கொண்டு வருகிறேன்.